கார்பன் ஃபோர்க் சைக்கிளில் ஸ்டெம் உயரமும் ஸ்பேசரும்: நீலகிரியில் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ரோடு சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு வண்டி பெரும்பாலும் கோவையிலிருந்து வருகிறது. இல்லையென்றால் ஆன்லைனில் வாங்கி, அட்டைப் பெட்டியில் வீட்டு வாசலுக்கே வந்து சேருகிறது. எப்படி வந்தாலும் ஹேண்டில்பார் உயரத்தை யாரோ ஒருவர் சமதரையில் வைத்துத்தான் முடிவு செய்திருப்பார். மலையில் ஓட்டும்போது அந்த உயரம் பலருக்கும் ஒத்துவருவதில்லை. மாற்றுவது கடினமில்லை. ஆனால் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை, கார்பனாக இருந்தால், பழைய இரும்பு சைக்கிளில் செய்வதுபோல ஸ்பேனரைப் போட்டு ஒரு இறுக்கு இறுக்கிவிட முடியாது. என்னிடம் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

கடையில் ஏறி உட்கார்ந்தபோது நன்றாகத்தான் இருந்தது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி முடிப்பதற்குள் கை மரத்துப்போகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது. ஏன்?

கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மலை ரயில் பல்சக்கரத்தில் ஏறுகிறது இல்லையா, அந்தப் பாதையின் மிகச் செங்குத்தான சரிவு 12க்கு 1. அதாவது 12 அடி போனால் 1 அடி ஏற்றம். நம் சாலைகளிலும் இந்த அளவு சரிவு பல இடங்களில் உண்டு. கல்லட்டிச் சாலையில் அதைவிடவும் செங்குத்தான இடங்கள் இருக்கின்றன.

இப்போது சைக்கிளைப் பாருங்கள். சீட்டின் நடுப்பகுதியிலிருந்து ஹேண்டில்பார் வரை சுமார் 70 செ.மீ. தூரம் இருக்கும். வண்டி மொத்தமும் 12க்கு 1 என்று முன்பக்கம் சரியும்போது, சீட்டை விட ஹேண்டில்பார் கிட்டத்தட்ட 6 செ.மீ. கூடுதலாகத் தாழ்ந்துவிடுகிறது. சமதரையில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் 6 செ.மீ. வித்தியாசம் வைத்துக் கொடுத்திருந்தால், இறக்கத்தில் அது 12 செ.மீ. ஆகிவிடுகிறது. அதோடு பிரேக் பிடிக்கும்போது உடம்பின் பாரமும் முன்னால் தள்ளப்படுகிறது. உள்ளங்கை அதைத் தாங்குகிறது. தலையைத் தூக்கி வளைவைப் பார்ப்பதற்குக் கழுத்து பாடுபடுகிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,500 மீட்டர் இறக்கம். அவ்வளவு நேரமும் இதே நிலைதான்.

ஏறும்போது இது தலைகீழாக நடக்கிறது. அதே 6 செ.மீ. ஹேண்டில்பார் நம் பக்கம் உயர்கிறது. அதனால்தான் ஏற்றத்தில் பெரும்பாலானவர்களுக்கு உயரம் ஒரு பிரச்சினையாகவே தெரிவதில்லை. ஆகவே மலையில் இருப்பவர்கள் ஹேண்டில்பார் உயரத்தை இறக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சமவெளிப் பந்தய வீரர்களின் படங்களைப் பார்த்து, ஹேண்டில்பாரை உயர்த்திவைக்கும் ஸ்பேசர் வளையங்களை எல்லாம் எடுத்துவிடுகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இறக்கத்துக்கு ஏற்ற உயரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இறக்கத்தில் ஹேண்டில்பாரின் கீழ் வளைவை, அதாவது டிராப்பை, பயப்படாமல் பிடித்து ஓட்ட முடிகிறதா? இதுதான் என் அளவுகோல். டிராப்பில் கை இருக்கும்போது பிரேக் லீவரின் நுனிப் பக்கம் விரல் போகும்; குறைந்த பலத்தில் நிறைய பிரேக் கிடைக்கும். குண்டு குழியில் கை நழுவவும் வாய்ப்பு குறைவு. ஹேண்டில்பார் மிகவும் தாழ்வாக இருப்பவர்கள் டிராப்பைத் தொடவே மாட்டார்கள். மேலே ஹூட்டை, அதாவது பிரேக் லீவரின் ரப்பர் உறை போர்த்திய தலையை, பிடித்தபடியே லீவரின் அச்சுப் பக்கத்தில் அழுத்தி அழுத்தி விரல் சோர்ந்துபோவார்கள். கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து.

டிராப்பில் கை வைத்து, முழங்கையைச் சற்று மடக்கி, அடுத்த வளைவு வரை கண் போக வேண்டும். தோள் காது வரை ஏறியிருக்கக் கூடாது. இது முடிகிறது என்றால் உயரம் சரி.

ஸ்டெம்மைத் தொடுவதற்கு முன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

சீட். அதன் மூக்கு கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், கை அதைத் தடுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை ஸ்பேசர் போட்டாலும் கை வலி போகாது. முதலில் சீட்டைச் சமமாக்கி, அதன் உயரத்தையும் சரிசெய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் இந்தப் பக்கம் வரலாம்.

எந்தப் பாகம் எது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டைதான் ஃபோர்க். அதன் மேல்பக்கம் ஒரு குழாயாக நீண்டு, ஃபிரேமின் முன்குழாய் வழியாக மேலே வரும். அது ஸ்டியரர். ஃபிரேமுக்குள் அது சுழல்வதற்கு மேலே ஒன்று கீழே ஒன்று பேரிங் உண்டு. சேர்த்து ஹெட்செட் என்கிறோம். வெளியே நீண்ட ஸ்டியரரின் மேல் ஸ்டெம் உட்கார்ந்து, பக்கவாட்டு போல்ட்களால் கவ்விப் பிடிக்கிறது. ஹேண்டில்பாரை முன்னால் தாங்கி நிற்பதும் ஸ்டெம்தான். ஸ்டெம்முக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவே உள்ள வளையங்கள் ஸ்பேசர்கள். 2, 3, 5, 10 மி.மீ. என்று பல தடிமனில் வரும். உச்சியில் ஒரு சிறு மூடி, அதன் நடுவில் ஒரு போல்ட்.

அந்த மூடி போல்ட் ஹேண்டில்பாரைப் பிடித்துவைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஸ்டெம், ஸ்பேசர், பேரிங் எல்லாவற்றையும் கீழ்நோக்கி அழுத்தி, பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் செய்வது மட்டும்தான் அதன் வேலை. ஹேண்டில்பாரைப் பிடிப்பவை ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்கள். இந்த வேறுபாடு மனதில் நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

என் சைக்கிளில் ‘கார்பன் ஃபோர்க்’ என்று எழுதியிருக்கிறது. ஸ்டியரரும் கார்பன்தானா?

அவசியமில்லை. நடுத்தர விலை வண்டிகள் பலவற்றில் ஃபோர்க்கின் கால்கள் கார்பன், ஸ்டியரர் அலுமினியம். மேல் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி நிறக் குழாயும், உள்ளே நட்சத்திரம் போல் விளிம்பு கொண்ட ஒரு நட்டும் தெரிந்தால் அலுமினியம் (இரும்பாக இருந்தால் காந்தம் ஒட்டும்). கறுப்புக் குழாயும், உள்ளே விரிந்து பிடிக்கும் உருளை வடிவ எக்ஸ்பாண்டரும் தெரிந்தால் கார்பன்.

அலுமினியம் என்றால் கீழே சொல்வதில் கொஞ்சம் தளர்வு உண்டு. கார்பன் என்றால் ஒரு வரியையும் தள்ளிவிட வேண்டாம். முக்கியமாக, ஸ்டார் நட்டைக் கார்பன் குழாய்க்குள் சுத்தியலால் அடித்து இறக்க யாரையும் விடாதீர்கள். அதன் விளிம்புகள் உள்சுவரைக் கீறிக்கொண்டே இறங்கும்.

ஒரு ஸ்பேசரை ஸ்டெம்முக்கு மேலிருந்து கீழே மாற்றினால் எவ்வளவு வித்தியாசம் வரும்?

ஸ்டியரர் நேர்க்குத்தாக இல்லை, பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. ரோடு சைக்கிளில் இந்தச் சாய்வு, தரையிலிருந்து அளந்தால், சுமார் 73 டிகிரி. அதனால் ஸ்டெம்மை 10 மி.மீ. உயர்த்தினால் ஹேண்டில்பார் ஏறக்குறைய 9.5 மி.மீ. மேலே போகும், கூடவே 3 மி.மீ. நம்மை நோக்கிப் பின்னால் வரும். இறக்கினால் இதற்கு எதிர்மாறு.

கேட்பதற்குச் சின்ன அளவுதான். ஆனால் 10 மி.மீ. மாற்றத்தை உடம்பு முதல் நாளே சொல்லிவிடும். ஒரு தடவைக்கு 5 அல்லது 10 மி.மீ. மட்டும் மாற்றி, அதே சாலையில் சில நாள் ஓட்டிப் பார்த்து அப்புறம் அடுத்ததை யோசியுங்கள்.

ஸ்பேசர் எல்லாம் ஏற்கனவே ஸ்டெம்முக்குக் கீழேதான் இருக்கின்றன. இன்னும் உயரம் வேண்டும். என்ன செய்வது?

ஸ்டெம்மைத் திருப்பிப் போடலாம். பெரும்பாலான ஸ்டெம்கள் 6 அல்லது 7 டிகிரி கோணத்தில் இருக்கும். கடையிலிருந்து வரும்போது கீழ்நோக்கி மாட்டப்பட்டிருக்கும். 100 மி.மீ. நீளமும் 6 டிகிரி கோணமும் உள்ள ஸ்டெம்மைக் கவிழ்த்து மாட்டினால் ஹேண்டில்பார் சுமார் 20 மி.மீ. உயர்ந்து, 6 மி.மீ. நம் பக்கம் வரும். காசு செலவில்லை, ஸ்டியரரின் மேல் கூடுதல் நெம்புகோல் பாரமும் ஏறுவதில்லை. பார்க்க அழகாக இல்லை என்று சிலர் தயங்குகிறார்கள். கோத்தகிரிச் சாலையில் முழு இறக்கமும் கை மரக்காமல் இறங்கிப் பார்த்தால் அந்தத் தயக்கம் போய்விடும்.

அதுவும் போதாதென்றால் 17 டிகிரி போல அதிகக் கோணமுள்ள ஸ்டெம் வாங்கி மேல்நோக்கி மாட்டலாம். அதற்கும் மேல் தேவைப்பட்டால் ஃபிரேம் அளவே உங்களுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

கார்பன் ஸ்டியரரில் எத்தனை ஸ்பேசர் வரை போடலாம்?

தயாரிப்பாளர் சொல்லும் அளவுதான் எல்லை. பலர் ஸ்டெம்முக்குக் கீழே 30 அல்லது 40 மி.மீ. என்று வரம்பு வைக்கிறார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் அது இருக்கும்.

காரணம் எளிது. ஹேண்டில்பாரை நாம் இழுக்கிற, அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் மேல் பேரிங்குக்கு அருகே ஸ்டியரர் வளையப் பார்க்கிறது. ஸ்டெம் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நெம்புகோல் நீளம். அலுமினியமோ இரும்போ வளைந்து எச்சரிக்கும். கார்பன் அப்படி வளைந்து காட்டாது. தாங்கும் வரை தாங்கிவிட்டு, ஒரேயடியாக முறியும். உச்சி வளைவுகளில் அது நடந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

சரி, உயரத்தை மாற்றும் வேலையை முதலிலிருந்து சொல்லுங்கள்.

தேவையானவை: 4, 5 மி.மீ. ஆலன் கீ (சில ஸ்டெம்களுக்கு டி-25 டார்க்ஸ் கீ), டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), சுத்தமான துணி, கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கை வைப்பதற்கு முன் கைப்பேசியில் இரண்டு மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேசர்கள் எந்த வரிசையில் இருந்தன, மேல் பேரிங் மூடி எந்தப் பக்கம் பார்த்தது என்பதெல்லாம் பிறகு ஞாபகம் இருக்காது.

சைக்கிள் இரு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும். ஸ்டாண்டில் தூக்கி மாட்டினால், ஸ்டெம்மைக் கழற்றியதும் ஃபோர்க் கீழே நழுவி விழும். ஸ்டாண்டில்தான் செய்ய வேண்டும் என்றால், ஃபோர்க்கையும் ஃபிரேமையும் சேர்த்து ஒரு பட்டையால் கட்டிவிடுங்கள்.

முதலில் மேல் மூடி போல்ட்டைக் கழற்றி மூடியை எடுங்கள். அடுத்து ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். ஸ்டெம்மை மெதுவாக மேலே இழுத்து எடுத்து, ஹேண்டில்பாரோடு அப்படியே ஒரு பக்கம் தொங்கவிடாமல் மேல்குழாயில் துணி விரித்துச் சாய்த்துவையுங்கள். பிரேக் குழாய் மடங்கிவிடக் கூடாது.

இப்போது ஸ்டியரர் முழுவதும் கண் முன்னால் இருக்கிறது. இந்த வாய்ப்பை விடாதீர்கள். துணியால் துடைத்து, ஸ்டெம் பிடித்திருந்த இடத்தில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஸ்டெம் விளிம்பு பதிந்த பள்ளம், குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடு, உரிந்த இழை ஏதாவது தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அந்த ஃபோர்க்கை விவரம் தெரிந்தவர் பார்க்கும் வரை ஓட்டக் கூடாது. ஸ்டெம்மின் உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கூரான பிசிர் இருந்தால் அது ஸ்டியரரை அறுக்கும்.

ஸ்பேசர்களை வேண்டிய இடத்துக்கு மாற்றி, ஸ்டெம்மை மேலே இறக்குங்கள். ஸ்டியரரின் மேல் விளிம்பு, உச்சியில் உள்ள ஸ்பேசரின் மேல் விளிம்பை விட சுமார் 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். அந்த இடைவெளி இருந்தால்தான் மூடி ஸ்டியரரில் முட்டாமல் கீழே அழுத்த முடியும். எக்ஸ்பாண்டர் அசையாமல் இருக்கிறதா என்றும் பார்த்து, அதன்மேல் எழுதியுள்ள அளவுக்கு இறுக்குங்கள். பலவற்றில் அது 5 முதல் 8 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும் (நியூட்டன் மீட்டர் என்பது திருகு விசையின் அலகு).

அப்புறம் மூடி. ஸ்டெம் போல்ட்கள் தளர்வாகவே இருக்கட்டும். ஆலன் கீயின் குட்டைக் காலைக் கையில் பிடித்து, நீளக் காலைப் போல்ட்டில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரல் மேல் பேரிங்கும் ஸ்பேசரும் சந்திக்கும் இடத்தில் இருக்கட்டும். ‘டக்’ என்று ஒரு சின்ன ஆட்டம் விரலில் தெரியும். அந்த ஆட்டம் போகும் வரை மட்டும் இறுக்குங்கள். பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வண்டியைச் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். ஹேண்டில்பார் தானாகவே விழுந்து திரும்ப வேண்டும். தயங்கித் தயங்கித் திரும்பினால் இறுக்கம் அதிகம். கால் சுற்று தளர்த்துங்கள்.

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஆட்டம் மிச்சமிருந்தால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் தட்டும், நாளடைவில் பேரிங் கெடும், ஸ்டியரரும் அடிபடும். இறுக்கம் அதிகமானால் வண்டி நேராக ஓடாமல் தள்ளாடும், வளைவில் திரும்ப மறுக்கும்.

கடைசியாக, முன்சக்கரத்துக்கு நேராக ஹேண்டில்பாரை வைத்து, பக்கவாட்டு போல்ட்களை மாற்றி மாற்றி, அரைச் சுற்றுக்கும் குறைவாக, ஸ்டெம்மில் எழுதியுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். இரண்டாவது போல்ட்டை இறுக்கியதும் முதலாவது சற்றுத் தளரும். மறுபடி முதலாவதுக்கு வாருங்கள். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டில்பாரைத் திருகிப் பாருங்கள். நகரக் கூடாது.

டார்க் ரெஞ்ச் கட்டாயமா? எங்கள் மெக்கானிக் அனுபவசாலி, கை அளவிலேயே செய்கிறார்.

கட்டாயம். 5 நியூட்டன் மீட்டர் என்பது, போல்ட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஆலன் கீயின் நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் திருகு விசை, அவ்வளவுதான். வளர்ந்த ஆள் ஒருவர் அதே கீயில் சாதாரணமாகவே அதைப் போல இரண்டு மூன்று மடங்கு போட்டுவிடுவார். மோட்டார் சைக்கிள் வேலை செய்து பழகிய கை என்றால் கேட்கவே வேண்டாம். மெக்கானிக்கின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் கை கற்றது இரும்பில், இது கார்பன். இதில் அதிக இறுக்கம் வெளியே தெரியாமல் உள்ளேயே இழைகளை நசுக்கும்.

5 நியூட்டன் மீட்டருக்கென்றே செய்த, அந்த அளவு வந்ததும் நழுவிவிடுகிற சிறிய கீ கிடைக்கிறது. மலையில் இருக்கிற நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டாலும் போதும். மெக்கானிக்கிடம் போகும்போது அதையும் எடுத்துப்போய் மரியாதையாகக் கேளுங்கள். “அண்ணா, கடைசி இறுக்கு மட்டும் இதில் போட்டுவிடுங்கள்” என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

மூடியை எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகவில்லை.

மேலும் இறுக்குவதை முதலில் நிறுத்துங்கள். ஸ்டெம் பக்கவாட்டு போல்ட்கள் தளர்வாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை பிடித்திருந்தால் மூடி எதையும் கீழே தள்ள முடியாது. அடுத்து அந்த 3 மி.மீ. இடைவெளி. மூடி ஸ்டியரரிலேயே உட்கார்ந்துவிட்டால் ஒரு மெல்லிய ஸ்பேசர் கூடுதலாகப் போட வேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால் எக்ஸ்பாண்டர் மேலே நழுவி வருகிறது என்று பொருள். கழற்றி, குழாயின் உள்பக்கத்தையும் எக்ஸ்பாண்டரின் வெளிப்பக்கத்தையும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்ததும் சரியான அளவுக்கு இறுக்கிப் போடுங்கள். யாராவது நல்ல எண்ணத்தில் அங்கே கிரீஸ் தடவியிருப்பார்கள். பெட்டியில் வந்த வண்டியென்றால், மேல் பேரிங்கின் மேல் உட்காரும் பிளவுள்ள வளையம் தலைகீழாகவோ, இல்லாமலேயோ இருக்கவும் வாய்ப்புண்டு.

ஸ்டெம்மைக் கீழே இறக்கினால் மிச்ச ஸ்பேசர்களை மேலே வைக்கலாமா?

தற்காலிகமாக வைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. எக்ஸ்பாண்டர் விரிந்து பிடிப்பதற்கு மட்டும் அல்ல. ஸ்டெம் வெளியிலிருந்து கவ்வும் இடத்தில் உள்ளிருந்து சுவரைத் தாங்கவும்தான் அது இருக்கிறது. ஸ்டெம் கீழே போய், எக்ஸ்பாண்டர் உச்சியிலேயே இருந்தால், கவ்வும் இடத்தில் குழாய் வெறும் கூடாகிவிடுகிறது. நீளமான எக்ஸ்பாண்டர் என்றால் ஓரளவு சமாளிக்கும். குட்டையானது என்றால் மேலே அதிக ஸ்பேசர் வைக்காதீர்கள்.

அதேசமயம், ஸ்டெம்முக்கு மேலே ஒரு 5 மி.மீ. ஸ்பேசர் வைக்கச் சொல்லும் தயாரிப்பாளர்கள் பலர். அப்போது ஸ்டெம்மின் முழு உயரத்துக்கும் உள்ளே ஸ்டியரர் இருக்கும். மேல் போல்ட் குழாயின் விளிம்பை நசுக்காது. அதை வீண் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள்.

கிரீஸ் போடலாமா?

ஸ்டியரரில் வேண்டாம். கார்பன் பகுதிகளுக்கென்று மணல் போன்ற துகள் கலந்த பேஸ்ட் இருக்கிறது. ஹேண்டில்பாரும் கார்பனாக இருந்தால் அது கவ்வும் இடத்தில் தடவலாம்; குறைந்த இறுக்கத்திலேயே நழுவாமல் நிற்கும். ஸ்டியரரில் தடவுவதைத் தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள். போல்ட் மரைகளிலும் பேரிங்கிலும் கிரீஸ் வேண்டும்.

என் வண்டியில் பிரேக் குழாய்கள் வெளியே தெரிவதே இல்லை. ஸ்டெம்முக்குள்ளேயே போகின்றன.

அப்படியானால் வீட்டில் செய்வது இறக்கும் வேலையாக மட்டும் இருக்கட்டும். இந்த வண்டிகளில் இரண்டாகப் பிளந்து எடுக்கக்கூடிய ஸ்பேசர்கள் வரும். குழாயைக் கழற்றாமலே எடுக்கலாம். உயர்த்த வேண்டும் என்றால் ஹைட்ராலிக் குழாயின் நீளம் போதுமா என்பதுதான் கேள்வி. போதவில்லை என்றால் புதுக் குழாய் போட்டு, ஆயில் ஏற்றி, காற்று எடுக்க வேண்டும். அதைப் பழகிய கடையில் கொடுங்கள். வண்டி வாங்கும்போதே இதைக் கேட்டு, ஸ்டெம்மை உயரமாக வைத்துத் தரச் சொன்னால் பின்னாளில் இந்தச் செலவு வராது.

வெளியே தெரியும் குழாய் உள்ள வண்டியிலும், உயர்த்திய பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எந்தக் குழாயும் விறைத்து இழுபடக் கூடாது.

மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டியரரை எப்போது வெட்டலாம்?

அவசரமே இல்லை. வெட்டியதை ஒட்ட முடியாது. உடம்பு புது வண்டிக்குப் பழகும், வயிறும் இடுப்பும் மாறும், உயரம் பற்றிய கருத்தும் மாறும். ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் ஓட்டி முடித்துவிட்டு யோசியுங்கள். அப்போதும் உங்களுக்குத் தேவையானதை விட ஒரு 10 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டச் சொல்வேன். வண்டியை விற்கிற நாள் வந்தால் வாங்குகிறவருக்கும் பயன்படும்.

வெட்டும்போது குழாய் வெட்டும் சக்கரக் கருவி கூடாது, அது கார்பனை நசுக்கும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள நைசான ஹாக்சா பிளேடு, நேராக வெட்டுவதற்கான வழிகாட்டிப் பிடி, வெட்டும் இடத்தைச் சுற்றி டேப், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கடைசி இழைகள் பிய்ந்து வராமல் இருக்க, முக்கால்வாசி வெட்டியதும் குழாயைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். விளிம்பை நைஸ் உப்புத்தாளால் வெளியிலிருந்து உள்நோக்கித் தேய்க்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகள் இருக்கிற அறையில் செய்யாதீர்கள்.

அப்படியானால் எவ்வளவு உயர்த்தினாலும் நல்லதுதானே?

இல்லை. ஹேண்டில்பார் மிக உயர்ந்தால் முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும். மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறுகிறவர்களுக்கு இது உடனே தெரியும். 36 கொண்டை ஊசி வளைவுகள். செங்குத்தான இடங்களில் சீட்டில் உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் லேசாகி இங்கும் அங்கும் அலையும். 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் சவாரியில் இந்த ஏற்றம் பேர்போனது. அதில் சேர விரும்புகிறவர்கள் இறக்கத்துக்கென்று உயர்த்தியதை ஒருமுறை அங்கே ஏறியும் சோதித்துப் பார்ப்பது நல்லது. முன்சக்கரம் அலைந்தால் 5 மி.மீ. இறக்குங்கள்.

டிசம்பர், ஜனவரிக் காலையில் விரல் விறைத்து பிரேக் லீவர் எட்டவே மாட்டேன் என்கிறது. ஹேண்டில்பாரை உயர்த்தினால் சரியாகுமா?

ஆகாது. உறைபனிக் காலத்தில் தடித்த கையுறை போட்டால் எல்லோருக்கும் இது வரும். கை சிறியவர்களுக்கு வருடம் முழுவதும் வரும். பெரும்பாலான லீவர்களில் அதை ஹேண்டில்பார் பக்கம் நெருக்கிக் கொண்டுவர ஒரு சின்ன திருகு இருக்கிறது. அதைத் திருப்பி, விரலின் முதல் மடிப்பு லீவரில் வசதியாக விழும்படி வையுங்கள். நெருக்கிய பிறகு முழுதாகப் பிரேக் பிடித்தாலும் லீவர் ஹேண்டில்பாரில் முட்டக் கூடாது.

மழைக்காலத்தில் இதற்கென்று தனிக் கவனிப்பு உண்டா?

உண்டு. நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இரண்டாவதுதான் பலம். கார்பன் துருப்பிடிக்காது, பேரிங்கும் போல்ட்டும் பிடிக்கும். முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் நேராகக் கீழ் பேரிங்குக்குத்தான் போகிறது. வருடத்தில் ஒருமுறையாவது, மழை ஓய்ந்ததும், ஃபோர்க்கை இறக்கி பேரிங்குகளைத் துடைத்து கிரீஸ் வைத்து மாட்டுங்கள். பைக்குக்கு வாட்டர் வாஷ் செய்கிற பம்பை ஹெட்செட் பக்கம் நீட்டவிடாதீர்கள்.

எழுந்து நின்று மிதித்தால் முன்பக்கம் கிறீச் என்கிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?

வேண்டாம். சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பேசர்களுக்கு நடுவே உள்ள தூசி அல்லது உலர்ந்த பேரிங். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, அதே அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். சுத்தம் செய்தும் சத்தம் தொடர்ந்தால், ஸ்டியரரில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

காரில் ஏற்றுவதற்காக ஹேண்டில்பாரைத் திருப்பி வைத்தோம். திரும்ப நேராக்கினால் போதுமா?

போதாது. ஸ்டெம் போல்ட் தளர்ந்த நொடியே பேரிங் மேல் இருந்த அழுத்தமும் போய்விட்டது. முதலில் மேல் மூடி, ஆட்டச் சோதனை, பிறகு ஸ்டெம் போல்ட்கள். அதே வரிசைதான்.

பழைய கார்பன் ஃபோர்க் சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

ஸ்டெம்மைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள். ஸ்டியரர் ஏற்கனவே எவ்வளவு குட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். உங்களுக்கு உயரம் வேண்டும், குழாயில் இடமில்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டி உங்களுக்கானதல்ல.

மாற்றி முடித்தாயிற்று. நாளைக்கே இறங்கலாமா?

முதலில் வீட்டுத் தெருவில், சமமான இடத்தில் ஓட்டி, முன் பிரேக்கைச் சட்சட்டென்று பிடித்துப் பாருங்கள். பிறகு ஒரு கிலோமீட்டர் அளவு சின்ன இறக்கம். வீட்டுக்கு வந்து ஆட்டச் சோதனையும் டார்க் ரெஞ்சும் மறுபடி ஒரு தடவை. புதிதாகப் போட்ட ஸ்பேசர்கள் அமர்ந்து, லேசான ஆட்டம் திரும்பி வருவது வழக்கம். வந்திருந்தால் ஸ்டெம் போல்ட்களைத் தளர்த்தி, மூடியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எதுவும் நகரவில்லை என்றால் மேட்டுப்பாளையம் வரை போகலாம். பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தும்போது, முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை ஒருமுறை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்.